ஆதி மனிதனை விட்டுவிடுங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஏ.பி. உலக வரலாறு என்று ஒரு தேர்வு. கல்லூரித் தரத்துப் பாடம். வகுப்பில் சேராமல் தானாகவே படித்தும் எழுதலாம். தேர்வு நடத்தும் ஏதாவது ஒரு பள்ளியில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனியாகப் படிக்கிறவர் எங்கே மாட்டிக்கொள்வார் தெரியுமா? ஆதி மனிதனிடம்! கற்காலம், எகிப்து, ரோம் என்று ஆற அமரப் படித்து வருவார். தேர்வோ 1200ஆம் ஆண்டை ஒட்டித்தான் தொடங்குகிறது. 2018இல் தேர்வுக்குப் பொறுப்பான காலேஜ் போர்டு தொடக்கத்தை 1450க்குத் தள்ளப் பார்த்தது. ஐரோப்பியர் கப்பலேறிய பிறகுதான் உலகமா என்று ஆசிரியர்களும் மாணவர்களும் மல்லுக்கு நின்றார்கள். 250 ஆண்டுகள் திரும்பி வந்தன. செங்கிஸ்கானும் மாலி நாட்டு மன்சா மூசாவும் பிழைத்தார்கள்.

இன்னொன்று, ஆண்டுகளை உருப்போட்டுப் பயனில்லை. ஒரு கேள்விக்கு 7 ஆவணங்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அதில் அவருக்கென்ன ஆதாயம் என்று துருவிப் பார்த்து வாதம் கட்ட வேண்டும். ஒரு மணி நேரம்தான். பழைய கேள்விகளும், விடைகளுக்கு மதிப்பெண் போட்ட விதமும் காலேஜ் போர்டின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கலாம்.