நந்தன் கதையின் இரண்டு முடிச்சுகள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நந்தனார் நாடகம் வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் கூறியதாக அறிந்தேன். அவர்கள் சினம் நியாயமானதே. பள்ளி விழாக்களில் கைகட்டி நிற்கும் வேடம் நம் பிள்ளைக்கே வந்து சேரும்; வேதியர் வேடம் வேறொரு பிள்ளைக்குப் போகும். ஆயினும் கதையை விலக்கிவிட்டால் அது மற்றவர் கையிலேயே தங்கிவிடும். அதைச் சொன்னவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று பார்ப்போம்.

இக்கதைக்கு இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று 'நாளை', மற்றொன்று தீ. ஆரணியில் பிறந்தவர்களுக்குப் பாவும் ஊடையும் தெரியும். இவை பாவு நூல்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊடையை ஓட்டினர்.

சுந்தரர் பெயரை மட்டுமே சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் புராணமாக விரித்தார். ஆதனூர்த் தொண்டர், ஊரார் விட்ட பறைத்துடவை நிலத்தால் பிழைக்கிறார். கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் அளிக்கிறார். அங்கே தில்லைப் பயணத்தைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணி அவரே 'நாளை போவேன்' என்று தள்ளிப்போடுகிறார்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த கோபாலகிருஷ்ண பாரதியார், அந்த நாளைக்கு வேறு காரணம் கண்டார். வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்து, விடுப்புத் தர மறுக்கச் செய்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்றும் சொல்ல வைத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார். மூலத்தினின்று விலகியது அவருக்கு உறுத்தியது. மக்களோ அந்த விலகலையே பற்றிக்கொண்டனர். தடை மனத்தில் இல்லை, வயலில் இருக்கிறது என்பதைத் தஞ்சைப் பண்ணையாட்களைக் கண்ணால் கண்ட பாரதியார் சொல்லிவிட்டார். முடிவில் அற்புதம் வந்து அதை மூடிவிட்டது என்பது என் குறை.

அயோத்திதாசப் பண்டிதர் முடிச்சையே அவிழ்த்தார். 'இந்திரர் தேச சரித்திர'த்தில் அவருடைய நந்தன் பண்ணையாள் அல்லன். சூழ்ச்சியால் மாண்ட பௌத்த மன்னன். வரலாற்று அறிஞர்கள் ஏற்பார்களா என்பது தனி வழக்கு. குனிந்து நின்றவனை நிமிர்த்திக் காட்டிய துணிவே எனக்குப் பெரிது.

தீயையும் சும்மா விடவில்லை. சேக்கிழாரில் தீ தூய்மை செய்தது. உள்ளே போனவர் முனிவராய் வெளிவந்தார். புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' சிறுகதையில் தீயின் இடத்தில் ரயில் வருகிறது. அதில் அகப்பட்டவர் எவரும் எழுந்து வருவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தபின், அந்தத் தீக்காட்சியைப் பழைய காதால் கேட்க யாரால் இயலும்? 1978இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் தீ, சதி செய்தவர்கள் மூட்டிய தீயாயிற்று.

இனி நம் கூத்தைப் பாருங்கள். திரை பிடிப்பதும், வேடம் தன் பெயரைத் தானே கூறுவதும், கட்டியக்காரன் குறுக்கே வருவதும் மாறா மரபு. ஆனால் கட்டியக்காரன் எதையும் கேட்கலாம். எந்த ராசாவும் அவனை வெட்டிவிடமாட்டான். நந்தன் கதையில் அவனை நுழைத்து, வேதியரை இப்படிக் கேட்கச் செய்யுங்கள்: "நேற்று ஒரு ராத்திரி பூதகணம் வந்து நாற்பது வேலியையும் விளைவித்தது, சரி சாமி. அதற்கு முந்தின வருஷமெல்லாம் விளைவித்தது யார்?" அவையில் சிரிப்பு எழும், வேதியர் வேடம் கட்டியவன் விடை தேடட்டும்.

இன்னொருவரும் இருக்கிறார். பாரதியாரின் சரித்திரத்தில் சேரியின் பெரிய கிழவனார், போகவேண்டாம் என்று நந்தனுக்குப் புத்தி சொல்கிறார். அவரை அறியாதவராகவே மேடைகள் காட்டி வந்தன. ஒருவன் எல்லை மீறினால் சேரி முழுவதும் என்ன விலை கொடுக்கும் என்பதை அந்த முதியவர் அறிந்திருக்க மாட்டாரா? மாணவர்களே, கதையை அவர் வாயால் எழுதிப் பாருங்கள். எழுதியவர் தலைமையாசிரியர் அறைக்கு வரலாம். அடுத்த ஆண்டு விழாவில் ஆடுவோம். கிழவனார் வேடம் யாருக்கு, வேதியர் வேடம் யாருக்கு என்பதை இம்முறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம்.