விலக்கி வைப்பதா, அரவணைத்து மீட்பதா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. நிக்காஹ்களின் எண்ணிக்கையும் ஜனாஸாக்களின் எண்ணிக்கையும் வாசிக்கப்பட்டன. அறிக்கையில் இடம்பெறாத ஒரு கணக்கைப் பற்றிப் பேச அனுமதி கோருகிறேன். மதுவுக்கு அடிமையாகி, வீட்டுக்கும் பள்ளிக்கும் அந்நியராகிப் போனவர்களின் கணக்கு அது. மது ஹராம் என்பதை இச்சபைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. குடிப்பவருக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் அவரால் ஏன் விட முடியவில்லை, அவர் மீள்வதற்கு நாம் என்ன செய்யவேண்டும் என்பதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தபோது, ஒரு சகோதரி தம் கணவரின் குடியைச் சொல்லி அழுதார். அன்று இஷாவுக்குப் பின் அவரை அழைத்து, தவ்பாச் செய்ய வைத்து, இனித் தொடுவதில்லை என்று வாக்குறுதி வாங்கினேன். அவர் வாக்கைக் காப்பாற்றினார். மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறி, வலிப்பு வந்து விழுந்தார். ஷைத்தானின் தீண்டல் என்று எண்ணிய வீட்டார், ஓதிப்பார்க்க என்னையே அழைத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற பிறகுதான் விவரம் தெரிந்தது. பல்லாண்டுகளாக அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் மூளையும் நரம்புகளும் கொந்தளிக்கும். சிலருக்கு அது உயிரையே பறிக்கும். முதல் சில நாட்கள் மருந்தோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் கழியவேண்டும். நான் நன்மை என்று நினைத்துச் செய்தது அவரை மரணத்தின் வாசல்வரை கொண்டுபோயிற்று.

அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்தார். ஆனால் சில மாதங்களில் மீண்டும் குடித்தார். அப்போது நான் இரண்டாவது தவறைச் செய்தேன். பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேசினேன். அன்றோடு அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்; குடியை நிறுத்தவில்லை. பின்னொரு நாள் அவருடைய ஜனாஸா வந்தது. தொழவைத்தவன் நான்தான்.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். குடித்த குற்றத்திற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரை அங்கிருந்தோரில் ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அம்மனிதரின் உள்ளத்தில் அல்லாஹ்வின் மீதும் ரஸூலின் மீதும் அன்பு இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். தண்டனை இருந்தது, ஆனால் சமூகத்தின் கதவு அடைக்கப்படவில்லை. மிம்பரில் ஓதிய அதை நான் நடைமுறையில் மறந்திருந்தேன்.

அன்பார்ந்தவர்களே, குடிநோயிலிருந்து மனிதரை மீட்பது எப்படி என்பதை ஆய்ந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் கணவரை இளம் வயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தோடு முடங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அவ்வமைப்பு, நோயாளி சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்திற்கே சென்று 15 நாள் முகாம்களை நடத்தியது. மருந்தோடு ஆலோசனையும் தரப்பட்டது. குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஊராரே நோயாளிகளை அழைத்து வந்தனர். முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து கவனித்தனர். அந்த அனுபவம் 1994இல் ஓர் உலக மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. ஒரு கிராமம் தன் மக்களுக்குச் செய்ததை ஒரு மஹல்லா செய்ய இயலாதா?

மருத்துவரும் பணமும் நம்மிடம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்குக் கோவாவில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களுள், தீங்கு விளையும் அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்தனர். இரு பகுதியினருக்கும் வழக்கமான மருத்துவம் உண்டு. ஒரு பகுதியினரிடம் மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நான்கு முறை அமர்ந்து பேசினர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மக்கள்.

என்ன பேசினார்கள்? திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. குடி தனக்குக் கொடுத்தது என்ன, தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று அவரையே சொல்ல வைத்தனர். எந்த நேரத்தில், எந்த நண்பரோடு இருக்கும்போது, எந்த மனவருத்தத்தில் கை அதை நாடுகிறது என்று கண்டறிய உதவினர். நண்பர் ஊற்றிக் கொடுத்தால் எப்படி மறுப்பது, ஆசை பொங்கும்போது எப்படிக் கடப்பது, ஒருமுறை வழுக்கினால் எப்படி மீண்டும் எழுவது என்று கற்பித்தனர். நம் ஊர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு வாரக்கூலி கைக்கு வரும் மாலைப் பொழுதே பெரிய சோதனை. அன்று அவரோடு நடந்து வீடுவரை செல்ல ஒரு தோழர் இருந்தால் அதுவும் சிகிச்சையே.

2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு இது: மூன்று மாதம் கழித்து, முந்தைய 14 நாட்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள், ஆலோசனை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர், பெறாதோரில் 18 பேர். ஓராண்டு கழிந்தபோது, தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் முன்னவரில் நூற்றுக்கு 54 பேர். பின்னவரில் 32 பேர். அனைவரும் மீளவில்லை என்பதையும் கவனியுங்கள். மீண்டும் குடித்தவரை நயவஞ்சகர் என்று முத்திரை குத்தலாகாது. இந்த எளிய முறை முற்றிலும் அடிமையானவருக்கு மட்டுமே போதாது. அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் உதவி கிடைத்திருந்தது. மற்ற 37 பேர் எங்கோ இல்லை. ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு தாயின் வீட்டில் இருக்கிறார்கள்.

எனவே ஜமாஅத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, அபராதம், ஊர்விலக்கு, நிக்காஹ் தஃப்தரை மறுத்தல் ஆகியவற்றைக் குடிநோய்க்கு மருந்தாகக் கருதுவதைக் கைவிடுவோம். அவற்றின் சுமை மனைவி மக்கள் தலையில்தான் விழுகிறது. பெண் வீட்டாரிடம் உண்மையை மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடி உதை வாங்கும் பெண்ணைப் பொறுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அவளுடைய பாதுகாப்பே முதற்கடமை.

இரண்டாவது, வாக்குறுதி வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அவரோடு துணைக்குச் செல்ல இருவரை ஜமாஅத் நியமிக்கட்டும். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மூன்றாவது, பொறுமையும் நாவடக்கமும் உள்ள நால்வரை, அவர்களுள் இருவர் பெண்களாக, முறையான ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்புவோம். வாரத்தில் ஒரு மாலை மதரஸாவின் ஓர் அறையை ஒதுக்குவோம். அங்கே பேசப்படுவது அமானிதம். முத்தவல்லிக்கும் தெரியவேண்டியதில்லை, எனக்கும் தெரியவேண்டியதில்லை.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பூட்டைச் சம்மட்டியால் உடைத்தால் கதவும் பாழாகும் என்பதை நம் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஒருமுறை சம்மட்டியை எடுத்தவன். இன்னொரு ஜனாஸாவின் முன் அந்த வருத்தத்தோடு நிற்க என்னால் இயலாது.

அல்லாஹ் நம் சகோதரர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களுடைய வீடுகளுக்கு நிம்மதியையும், நமக்கு மென்மையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.