நகரம் வளர்கிறது, நம் பெயர் எங்கே?

(தங்கவயல் தமிழர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. பத்தாவது படித்த ரயில்வே குமாஸ்தா. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் விடிகாலை வண்டிக்கு வருகிற உங்கள் முகங்கள் எனக்கு சீசன் டிக்கெட் ஜன்னல் வழியே பழக்கம். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறீர்கள். சுரங்கத்தில் இறங்கிய நம் தகப்பனார்களும் பகலைப் பார்த்ததில்லை. நிலைமை மாறிவிட்டதா, சொல்லுங்கள்!

1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் வந்தது நம் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் அந்த வெளிச்சத்தைத் தேடி நாம் வண்டி ஏறுகிறோம்.

பெங்களூர் கணினித் தொழிலால் வளர்ந்தது என்கிறார்கள். வளர்ந்தது உண்மை. ஆனால் அடித்தளம் போட்டது யார்? 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் டெலிபோன் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி.; 1954இல் பி.இ.எல். எலெக்ட்ரானிக் சிட்டியை 1978இல் தொடங்கியதும் மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனமே. அதற்குப் பிறகுதான் 1985இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது.

அந்தப் பொதுத்துறை ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிராவிடண்ட் பண்டு இருந்தது, கேண்டீன் இருந்தது, கேட்பதற்குச் சங்கம் இருந்தது. இன்று கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் காவலாளி, தரை துடைக்கும் தாய், கேண்டீனில் தட்டு கழுவும் தம்பி, இவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பெனியின் ஆள்? பெரும்பாலோர் காண்டிராக்டரின் ஆள்!

போன மாதம் ஒரு சகோதரி என் ஜன்னலில் நின்று கண் கலங்கினார். ஒரே கட்டடத்தில் ஆறு வருஷ வேலை. மூன்று காண்டிராக்டர்கள் மாறிவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். உடம்பு சரியில்லாமல் இ.எஸ்.ஐ. அட்டை கேட்டபோது, “பழைய காண்டிராக்டரைப் போய்க் கேள்” என்றார்களாம். ஆறு வருஷ உழைப்புக்கு அவர் கையில் ஒரு காகிதம் இல்லை.

தோழர்களே! இ.எஸ்.ஐ.க்கு நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். இது தருமம் அல்ல, நம் கூலியின் பகுதி. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டமும் அதையே சொல்கிறது. நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் சொல்கிறது. கேட்காதவனுக்குச் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

ஆகவே, நியமனக் கடிதம் கேளுங்கள். பி.எப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். காண்டிராக்டர் மாறினால், பழைய எண்ணிலேயே தொடரச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டோடு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள்; மனு எழுத நான் இருக்கிறேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பக்கத்தில் துடைப்பம் பிடிக்கும் கன்னடச் சகோதரிக்கும் இதே கதிதான். அவரையும் அழைத்து வாருங்கள். நாம் தனித்து நின்றால் காண்டிராக்டருக்குத்தான் கொண்டாட்டம்.