வாற்சக்கர விமானமும் தரையிறக்கமும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, திமிலைத்தீவுக்கு அண்மையில் அமைந்த விமான நிலையத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். 1958ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. மாரியில் வரும் வடகீழ்ப் பருவக்காற்றும், கோடையில் அனலாய் அடிக்கும் கச்சானும் பெரும்பாலும் அப்பாதையின் நெடுக்கே வீசுவன. இறங்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று நண்பன், குறுக்குக்காற்றே பகைவன். பருவங்கள் மாறும் மாதங்களிலே திடீரென்று எழும் இடிமழைக் காற்றுக்கோ திசைநியமம் கிடையாது. அக்காற்றுக்கு மிகுதியும் அஞ்ச வேண்டியது, வாலிற் சிறு சக்கரம் உடைய விமானமாகும்.

இலங்கையின் வான்பயண வரலாறே வால் தாழ்ந்த விமானங்களோடுதான் தொடங்கியது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய பஸ் மொத் விமானம் அவ்வகையினது. 1947ஆம் ஆண்டு டிசம்பரிலே எயர் சிலோன் சேவையைத் தொடங்கிவைத்த டகோட்டாவும், 1951இல் அமைந்த விமானப்படையின் இளைஞர்கள் பறக்கக் கற்ற சிப்மங்கும் அவ்வகையினவே.

இவற்றைத் தரையிறக்குவதில் உள்ள இடர் யாது? மாடு இழுக்கும் வண்டி நேராகச் செல்லும். பாரம் இழுப்பின் பின்னால் தானே வரும். அதே வண்டியை மாடின்றிப் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். சற்றே கோணினாலும் அக்கோணல் வளர்ந்துகொண்டே போகும். வாற்சக்கர விமானத்தின் நிலையும் இதுவே. அதன் பாரமையம் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. ஓடுபாதையில் மூக்குச் சிறிது திரும்பினால், பின்னால் உள்ள பாரம் முன்னேறப் பார்க்கும். விமானி உடனே சுக்கானை மிதித்துத் திருத்தாவிடின், விமானம் பம்பரம்போற் சுழன்றுவிடும். வெளிப்புறச் சிறகின் நுனி மண்ணிற் படும். சக்கரக் கால் முறியும். இத்தகைய விபத்திலே உயிர்ச்சேதம் அரிது, பொருட்சேதமோ பெரிது.

வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமையும் குறைகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆபத்து நீங்கியதென்று விமானி மூச்சுவிடும் வேளையே ஆபத்தான வேளை.

இரண்டாவது இடர் துள்ளல். விரைந்து கீழிறங்கி முன்சக்கரங்கள் தரையை அறைந்தால், பின்பாரத்தினால் வால் தாழும். சிறகுகள் நிமிர்ந்து காற்றை அதிகமாக ஏற்கும். விமானம் மீண்டும் மேலெழும். அப்போது பதறி மூக்கைத் தாழ்த்துபவன் அடுத்த மோதலை மேலும் கடுமையாக்குகிறான். விசையைக் கூட்டி மேலெழுந்து, ஒரு வட்டமிட்டு மீண்டும் இறங்குவதே அறிவுடைமை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, பிரேக்கைக் கடுமையாக அழுத்துதல். அதனால் வால் எழுந்து, சுழல்விசிறி நிலத்தைக் குத்தி, விமானம் தலைகுப்புற விழவுங்கூடும்.

பார்வைத் தடை இன்னொன்று. வால் தாழ்ந்திருக்கும்போது உயர்ந்த மூக்கு முன்வழியை மறைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே புத்தளம் கடற்படை விமானத்தளத்தில் இருந்த கோர்செயர் விமானங்கள் இக்குறைக்கும் துள்ளலுக்கும் பேர்போனவை. அவற்றை ஓட்டிய பிரித்தானிய விமானிகள் நேரே வராது, வளைந்து வந்து, பக்கவாட்டில் இறங்குமிடத்தை நோக்கியபடியே கப்பலின் தளத்தில் இறங்கும் முறையைக் கைக்கொண்டனர்.

1956இல் வெளிவந்த செஸ்னா 172 போன்ற விமானங்களிலே சிறு சக்கரம் மூக்கின் கீழ் இடம்பெற்றது. பாரமையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே வந்தபடியால், கோணிய விமானம் தானே நேராகும் இயல்பைப் பெற்றது. ஆயினும் வாற்சக்கர விமானங்கள் அற்றுப்போகவில்லை. கரடுமுரடான நிலத்திலே கல்லும் புல்லும் தட்டாதபடி சுழல்விசிறி உயர்ந்து நிற்பதனால், இன்றும் அவற்றை விரும்புவோர் உளர்.

அவ்விமானத்தை ஓட்டுவோர்க்குரிய நெறி மூன்றே. நிலத்தைத் தொடுமுன் மூக்கும் செல்லும் திசையும் ஒன்றாகட்டும். தொட்டபின் கால்கள் சுக்கானை விட்டு ஓயாதிருக்கட்டும். நிறுத்துமிடத்தில் விமானம் அசைவற்று நிற்கும்வரை, பறத்தல் முடியவில்லை என்ற எண்ணம் நிலைக்கட்டும். நம் வாவியிலே தோணி விடுபவர் கரை தட்டுமுன் துடுப்பைக் கீழே வைப்பதில்லை. விமானிக்கும் விதி அதுவே.