எங்கே திரும்பிப் போவது?

 

ரோஹிங்யா மக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் கடைவீதியிலேயே சிலர் கேட்கிறார்கள்: “ஒப்பந்தம்தான் போட்டுவிட்டார்களே, ஏன் ஊருக்குத் திரும்ப மறுக்கிறார்கள்?” நியாயமான கேள்விதான். ஆனால் போய்த் திரும்பியவர்களின் கதையைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

1978இல் பர்மா அரசு அரக்கானில் ‘நாகமின்’ என்ற பெயரில் குடிமக்கள் யார், அந்நியர் யார் என்று சோதனை நடத்தியது. அதன் கொடுமை தாங்காமல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மக்கள் திரும்பத் தயங்கினார்கள். முகாம்களில் ரேஷன் குறைந்தது. பத்தாயிரம் பேர் வரை மாண்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே பணியிலிருந்த ஐ.நா. அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். பசியைக் காட்டி அனுப்பிவிட்டு அதற்கு ‘விருப்பத்துடன் திரும்புதல்’ என்று பெயர்!

திரும்பியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1982இன் குடியுரிமைச் சட்டம். அந்த நாட்டின் இனங்களில் ஒன்றாக அவர்களை ஏற்க மறுத்த சட்டம். 1991-92இல் மறுபடி இரண்டரை லட்சம் பேர் ஓடினார்கள். மறுபடி பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். 2017 ஆகஸ்டில் ஏழு லட்சத்துக்கும் மேல். நவம்பரில் இன்னொரு ஒப்பந்தம். 2018 நவம்பர் 15இலும் 2019 ஆகஸ்ட் 22இலும் வண்டிகள் காத்து நின்றன. இரண்டாம் முறை மியான்மர் ‘சரிபார்த்து’ அனுமதித்த பெயர்கள் 3,450. ஒருவர்கூட ஏறவில்லை.

யார் யாரைச் சரிபார்ப்பது? வீட்டைக் கொளுத்தியவன், உன் வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்கிறான்! 2025 ஏப்ரலில், எட்டு லட்சம் பேர் கொண்ட பட்டியலில் 1,80,000 பேர் திரும்பத் தகுதியுள்ளவர்கள் என்று மியான்மர் ராணுவ அரசு அறிவித்தது. புத்திடாங் 2024 மே மாதத்திலும் மௌங்டா டிசம்பரிலும் அந்த அரசின் கையை விட்டு அரக்கான் படையிடம் போய்விட்டன. தன் பிடியில் இல்லாத ஊருக்கு அழைப்பு அனுப்புகிறது. அந்தப் போரிலிருந்து தப்பி மேலும் ஒன்றரை லட்சம் பேர் 2025 நடுவிற்குள் வங்கதேசம் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாம் நாட்டில் குடியமர்த்தும் வழியை வங்கதேசம் 2010இல் நிறுத்தி 2022இல் திறந்தது. அது ஊசிமுனை வாசல்; பத்து லட்சம் பேர் அதில் நுழைய முடியாது.

தவ்பா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் அடைக்கலம் கேட்டவரை அவருக்குப் ‘பாதுகாப்பான இடத்தில்’ கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. ‘அவரது நாட்டில்’ என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அதுவும் எதிர் அணியிலிருந்து வந்தவருக்கு!

நம் நாடு 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு இங்குள்ள எவருக்கும் உயிர்ப் பாதுகாப்புத் தருகிறது, குடிமக்களுக்கு மட்டுமல்ல. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 2018 அக்டோபரில் அசாமிலிருந்து ஏழு பேரை மியான்மரிடம் ஒப்படைத்தபோது அதே நீதிமன்றம் தடுக்க மறுத்துவிட்டது. இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

வணிகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1964இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர்களில் உங்கள் தாத்தாக்களும் இருந்தார்கள். சென்னையில் பர்மா பஜார் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வந்தவர்களைத் தன் மக்களாக ஏற்று வாழ வழி செய்த நாடு இது.

கேளம்பாக்கத்தில் சில ரோஹிங்யா குடும்பங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஐ.நா. அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் படித்துச் சொல்ல, மனு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். இரண்டு வழக்கறிஞர்களும் ஆங்கிலம் அறிந்த நான்கு இளைஞர்களும் கிடைத்தால் அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.