இயக்க நரம்பணு நோயும் நமது கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் விடுதியில் உண்டு உறங்கிப் படித்தவன் நான். இன்று மருத்துவமனையொன்றின் நரம்பியல் பிரிவில் இயன்முறை மருத்துவனாகப் பணியாற்றுகிறேன். இம்மேடையில் நான் கல்வியைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ பேசுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆனால் ஒரு நோயைப் பற்றிப் பேசவே வந்துள்ளேன். அதற்குக் காரணம் என் பெரியப்பா.

வயல் வேலையில் அவருக்கு நிகரானவர் எங்கள் சேரியில் இல்லை. ஐம்பது வயதில் அவர் கையிலிருந்து மண்வெட்டி நழுவத் தொடங்கியது. சில மாதங்களில் நாக்குக் குழறியது. கள்ளையும் சாராயத்தையும் ஒருநாளும் தொட்டறியாத அம்மனிதரைக் 'குடித்துவிட்டு வருகிறான்' என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உறவினரோ செய்வினை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டியவருக்குப் பெரியம்மாவின் தோடு போயிற்று; இரண்டு ஆடுகளும் போயின. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர், பாடநூலின் ஒரு பக்கத்தில் அவருடைய நோயை நான் படித்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்நோயின் பெயர் மோட்டார் நியூரான் நோய். தமிழில் இயக்க நரம்பணு நோய் எனலாம். கை மடங்குவதும், கால் நடப்பதும், நாக்கு அசைவதும், மார்பு விரிந்து மூச்சு இழுப்பதும் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்களின் கட்டளையால் நிகழ்கின்றன. அவ்வணுக்கள் படிப்படியாக மடியும்போது, கட்டளை பெறாத தசைகள் துடித்து, மெலிந்து, செயலிழக்கின்றன. சிலருக்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றம் தோன்றும்; பலருக்கு அறிவு தெளிவாகவே நிற்கும். பேச இயலாமல் கிடப்பவர் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் மார்ட்டின் ஷார்கோ, 1869ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தெளிவாக விளக்கினார். நோய் தொடங்கிய பின் பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரையே வாழ்கின்றனர். ஏறத்தாழ பத்தில் ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 21ஆம் வயதில், 1963இல், இந்நோய்க்கு ஆளானவர் என்று கண்டறியப்பட்டார். 2018 வரை வாழ்ந்தார்.

இந்நோயின் வரலாற்றில் நமது சென்னைக்கும் ஓரிடம் உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள், சென்னையில் இளவயதினரிடம் தாம் கண்ட ஒரு தனி வகையை 1970ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டனர். கை கால் மெலிவோடு முகமும் நாக்கும் தளர்ந்து, காதும் மந்தமாகும் இவ்வகை மெதுவாகவே வளர்வது. உலக மருத்துவ நூல்கள் இதனை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே குறிக்கின்றன. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இளைஞரின் ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும் மற்றொரு நோயையும் அவர்கள் 1984இல் விளக்கினர். ஆகவே கை மெலிந்தவுடன் வாழ்வு முடிந்ததென அஞ்ச வேண்டா. எந்த நோய் என்று நரம்பியல் வல்லுநரே பிரித்தறிந்து கூற வேண்டும்.

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. 1993இல் இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணுவில் பிழை உள்ளோர்க்கு மட்டும் பயன்படும் டோஃபெர்சன் என்னும் மருந்து 2023இல் அங்கு ஒப்புதல் பெற்றது. கண்டுபிடிப்பிற்கும் மருந்திற்கும் இடையே முப்பதாண்டு உழைப்பு! 2011இல் கண்டறியப்பட்ட மற்றொரு மரபணுப் பிழை ஐரோப்பிய நோயாளிகளிடம் மிகுதி. இந்திய நோயாளிகளிடம் அரிது. எனவே நம் மக்களின் நோயை நம் மக்களிடமே ஆராய்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்டால், என்ன காரணத்திற்கு என வினவுங்கள். புரிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். மறுப்பவர்க்குச் சிகிச்சையை மறுக்க எவர்க்கும் உரிமையில்லை.

மருந்து குறைவாயினும் பராமரிப்பின் பயன் பெரிது. நரம்பியல் மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உணவு வல்லுநர் ஆகியோர் ஒருங்கே கவனிக்கும் தனிப் பிரிவில் சிகிச்சை பெற்றோர், ஏனையோரைவிட ஏழரை மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தனர் என 2003இல் அயர்லாந்து ஆய்வொன்று காட்டியது. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவியால், விழுங்கும் ஆற்றலும் பேச்சும் பெரிதும் கெடாதோர் சுமார் 200 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தனர் என 2006இல் இங்கிலாந்து ஆய்வு கண்டது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவதும், காலையில் தலைவலியோடு எழுவதும் மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறிகள். உடனே மருத்துவரிடம் கூறுங்கள். தண்ணீர் புரையேறினால், கெட்டியான கூழ் எளிதாக இறங்கக் கூடும். எது தகும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டறியுங்கள். பேச்சு போனவர்க்கு ஓர் அட்டையில் உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 எழுதி, ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுங்கள். வேண்டிய எழுத்தில் அவர் கண் சிமிட்டுவார். இதற்குப் பணம் வேண்டா. பொறுமையும் எழுத்தறிவும் போதும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கை கால் இயக்கக் குறைபாடும், நாள்பட்ட நரம்பு நோய்களும் இடம்பெற்றுள்ளன. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெறும் வழியை அறிந்து, படிக்காதவர்க்கு விண்ணப்பம் எழுதித் தருவதை நம் இளைஞர்கள் தம் பணியாகக் கொள்ள வேண்டும்.

அன்று எங்கள் தெருவில் இதை அறிந்த ஒருவர் இருந்திருந்தாலும் என் பெரியப்பா பிழைத்திருக்க மாட்டார். ஆயினும் குடிகாரன் என்ற பழியோடு அவர் இறந்திருக்க மாட்டார். பெரியம்மாவின் காதும் வெறுமையாகி இருக்காது. கடைசி நாட்களில் அவர் எங்களிடம் சொல்ல விரும்பியதை ஓர் எழுத்தட்டை வழியாகவேனும் கேட்டிருப்போம். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நமக்கு எழுத்தைத் தந்தது. நம்மிலிருந்து மருத்துவர்கள் வரட்டும், செவிலியர் வரட்டும், ஆராய்ச்சியாளர்கள் வரட்டும். அதுவரை, நாக்குக் குழறும் ஒருவரை நம் தெருவில் கண்டால் ஏளனம் செய்யாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம் என இன்று உறுதி கொள்வோமாக!