முதல் வயதில் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெத்தும்மா எங்களை நிறுத்திக் கேட்டார்: "பேத்திக்கு அடுத்த மாசம் ஒரு வயசு நிறையுது. எது கொடுத்தா நிலைச்சு நிக்கும்?" அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற விவாதத்திற்குள் நாங்கள் போகவில்லை. கேக் வெட்டாத வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்போது வாப்பும்மாவின் கை சும்மா இருப்பதில்லை. கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பெரும்பாலும் என்ன கொடுக்கிறோம்? பேட்டரி போட்டால் பாட்டுப் பாடும் கார், ஆளுயரக் கரடி பொம்மை, ஒரே ஒரு தடவை போடும் ஜிகினா கவுன். அடுத்த ரமலானுக்குள் கார் உடைந்திருக்கும், கவுன் சிறுத்திருக்கும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தங்கம் போடுகிறார்கள். தங்கமாவது நிலைக்கும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி கேட்டு ஒரு தாய் வந்தார். மனுவை எழுதும்போது அவரே சொன்னார்: "இவளுக்கு ஒரு வயசுல எங்க உம்மா ரெண்டு பவுன் சங்கிலி போட்டாங்க. பெரியவன் வெளிநாடு போக விசாவுக்காக வச்சோம். மூழ்கிப் போச்சு." அந்தப் பெண் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தனக்கு அப்படி ஒரு சங்கிலி இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். ஒன்றும் பேசாமல் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டணத்தை நாங்கள் கட்டினோம், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பார்வையை மட்டும் எங்களால் மறக்க முடியவில்லை.

பிள்ளைக்கென்று கொடுத்த அன்பளிப்பு பிள்ளையின் சொத்து. பெற்றோர் அதற்குக் காவலர்கள், சொந்தக்காரர்கள் அல்ல. கடும் நெருக்கடியில் அதில் கைவைக்க நேர்ந்தால் சட்டம் என்ன என்பதை முதலில் உங்கள் இமாமிடம் கேளுங்கள். எடுத்தால் கடனாக எழுதி வையுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லி சூரா பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பிள்ளையிடம் பட்ட கடனும் கடன்தானே? நம் வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஜகாத் கணக்குப் பார்க்கும்போது அந்த நகை "பிள்ளையுடையது". அடகுக் கடைக்குப் போகும்போது மட்டும் "நம்முடையது"!

ஜகாத் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயரில் 85 கிராம், அதாவது சுமார் பத்தரைப் பவுன் சேர்ந்துவிட்டால் ஷாஃபி மத்ஹபில் பொறுப்பாளர் அதற்கு ஜகாத் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பருவம் அடையும்வரை கடமையில்லை.

தங்கம்தான் கொடுப்பேன் என்பவர்கள் நகையாக வாங்காமல் காசாக வாங்குங்கள். குழந்தை நகைக்குக் கொடுக்கும் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. நகைதான் என்றால் ஹால்மார்க் முத்திரையையும் ஆறு இலக்க அடையாளக் குறியையும் பார்த்து வாங்கி, ரசீதில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்குத் தங்கம் அணிவிக்கவும் கூடாது என்பதை மறக்க வேண்டாம். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 10 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்காக 2015இல் வந்த திட்டம் அது. அதில் சேர்வது வட்டி. ஆலிம்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

செலவே இல்லாத ஒரு பரிசும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பெயர் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைக்காததால் அந்த இடம் காலியாகவே கிடக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் நிறைய. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்திற்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அப்படியானால் முதல் வயது நிறைவதற்குள் சேர்த்துவிட்டால் கவலையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றிற்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம்.

பெயரைச் சேர்க்கும்போது ஆங்கில எழுத்துக் கூட்டலைக் கவனியுங்கள். முஹம்மது என்ற ஒரு பெயரையே நம் வீடுகளில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வாப்பாவின் பாஸ்போர்ட்டில் இன்னொன்று. ஹஜ்ஜுக்கோ வேலைக்கோ போகும் நேரத்தில் ஒரு எழுத்துக்காக அலைபவர்களை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரே கூட்டலை முடிவு செய்து, அதையே எல்லாவற்றிலும் எழுதுங்கள். பெயர் தேர்வதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்!

கொல்லையில் இடம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு தென்னங்கன்று. நாட்டு நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கப் பழகியிருக்கும்போது அதன் முதல் இளநீரை அதன் கையாலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெத்தும்மாவுக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபி (ஸல்) கேட்டார்கள். இல்லை என்றதும் திரும்பப் பெறச் சொன்னார்கள். இதை அவரிடம் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒரு பவுன் வேணாம், ஆளுக்கு ஒரு கிராம் காசு" என்றார். கூடவே பேத்தியின் சான்றிதழையும் எடுத்து வந்தார். பெயர் இடம் காலியாகத்தான் இருந்தது. இன்னும் 19 நாள் பாக்கி.

பெயர் சேர்க்கும் படிவம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். சான்றிதழையும் பெற்றோரின் ஆதார் நகலையும் கொண்டு வாருங்கள்.